கரை இல்லாத தீவு

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு ஆளுக்கொரு தீவு நாடு தந்தார்கள். அதன் நில அமைப்பை மாவில் செய்து, வண்ணமடித்து, திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும். என் சிநேகிதிக்கு பிஜி கிடைத்தது. மலை, ஆறு, அருவி எல்லாம் உண்டு. எனக்கு வந்தது நவுரு. வரைபடத்தில் பேனை தவறிப் பட்ட புள்ளி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

நவுரு என்ற பெயரைக் கேட்டதும் அம்மா, வேறு நாடு தரச்சொல்லி ரீச்சரிடம் கேள் என்றார். சனிக்கிழமை அப்பா, நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய வெரிபீயில், எங்கள் வீட்டுக் குசினியில் கோதுமை மாவையும் உப்பையும் குழைக்கத் தொடங்கினார். இங்கே அவருக்குக் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை என்றாலும், மன்னாரில் கடற்றொழில் செய்தவர். தீவை அவரிடம் விட்டுவிடலாம் என்று எனக்கு நிம்மதி.

முதலில் நடுவைச் செய்தார். நடுமேடு முழுக்க பாஸ்பேட் தோண்டி எடுத்த இடம், மிஞ்சியது சுண்ணாம்புக் கற்தூண்கள்தான் என்றார். பல்லுக்குத்தும் குச்சியால் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அங்கே சில ஆள் உயரம், சில அதற்கும் மேலே என்றார். பொழுதுபட்ட பிறகும் கல்லில் அனலடிக்கும். மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, ஆறு என்று ஒன்றே கிடையாது. இவ்வளவும் சொன்னவர் ஒரு புத்தகமும் பார்க்கவில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை.

கரைக்கு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. மணல் எங்கே, பவளப்பாறை எங்கே என்று கேட்டேன்.

"கரை எனக்குத் தெரியாது, பிள்ளை. நீங்களே புத்தகத்தைப் பாத்துச் செய்யுங்கோ."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "கடல்லதானே தொழில் செய்தனீங்கள்? ஒரு கரை செய்யத் தெரியாதே?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனார். அப்பா கையைக் கழுவிக்கொண்டு, "ஓம், தெரியாதுதான்" என்றார்.

சுற்றிவர நானே நீலம் அடித்தேன், தென்னை குத்தினேன். ரீச்சர் என் தென்னைகளைப் பார்க்கவேயில்லை. கற்தூண்களைத் தொட்டுப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். கூசாமல் நான்தான் என்றேன். கிடைத்த சான்றிதழை அப்பாதான் ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

அப்பா எங்களுக்கு முன்பே இந்த நாட்டுக்குப் படகில் வந்தவர், 'கொஞ்சக் காலம் வேறு இடத்தில்' இருந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்த வேறு இடம் எதுவென்று நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா சொன்னார். நவுருதான். படகில் வந்தவர்களை அடைத்துவைத்த முகாம் அந்த நடுமேட்டில், கற்தூண்களுக்கு மத்தியில் இருந்தது. வேலிக்குள்ளிருந்து பார்த்தால் கடல் தெரியாது. காரில் அரைமணி நேரத்தில் சுற்றி முடிக்கிற தீவில், மூன்று வருடம், ஒருநாளும் அவர் கடலில் கால் நனைக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த நாட்களில், தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா எங்களை வெரிபீ கடற்கரைக்குக் கூட்டிப்போவார். நடுங்குகிற குளிரிலும் காற்சட்டையை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நிற்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாராவது கண்டுவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, போதும் வாங்கோ, போவம் என்று காருக்குள்ளிருந்து ஹோர்ன் அடித்தவள் நான்தான்.