சீட்டின் பின்பக்கம்

அகராதி அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘உதாரணம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதுவது ஆசிரியர். அந்தப் பொருள் எப்படிப் புழங்குகிறது என்று ஒரு வாக்கியத்தில் காட்டுவது இவர். பதினாறு வருடமாக இதே வேலை.

ஆசிரியருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நடக்காததை எழுதினால் வாக்கியத்தில் உயிர் இருக்காதாம். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு சீட்டில் எழுதி, அது எங்கே, எப்போது, யாருக்கு நடந்தது என்று பின்பக்கம் குறிக்க வேண்டும். இப்படியே உதாரணத்தின் குடும்பத்தில் பாதிப்பேர் அகராதிக்குள் குடியேறிவிட்டார்கள். மைத்துனரின் குறட்டை ஒரு வினைச்சொல்லுக்கு உதவியது. மாமனாரின் பல்செட் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது இன்னொன்றுக்கு. வீட்டில் யாருக்கும் தெரியாது. அகராதியை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்?

அந்த வாரம் வந்த சொல் ‘ப்ரவோக்’. உணர்ச்சியைக் கிளறுகிற சொல். ஆசிரியர் மூன்று பொருள் கொடுத்திருந்தார். ஒருவரைச் சீண்டிக் கோபப்படுத்துவது ஒன்று. சிரிப்போ பயமோ எதையாவது வரவழைப்பது இரண்டு. ஒருவரை ஒரு காரியத்தில் இறங்கும்படி கிளப்பிவிடுவது மூன்று.

முதலாவது சுலபம். மைத்துனர் வாயைத் திறந்தாலே போதும். இரண்டாவதற்கு வீட்டில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது மொட்டை மாடியிலிருந்து பாட்டு வந்தது. காலையில் துணி காயப்போடும்போது மனைவி பாடுவாள். கணீர் குரல்தான். ஆனால் சுருதி ஒரு பக்கம் போகும், அவள் ஒரு பக்கம் போவாள். பக்கத்து மாடியில் நின்ற தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். உதாரணம் சீட்டை எடுத்தார். “அவள் பாட்டு, கேட்டவர்களுக்குச் சிரிப்பை வரவழைத்தது.” பின்பக்கத்தில், “மொட்டை மாடி, செவ்வாய் காலை. பாடியது என் மனைவி. சிரித்தது தையல்காரரும் நானும்.” நேர்மையான மனிதர், தன்னை விட்டுவிடவில்லை.

மூன்றாவதற்கு எதுவும் நடந்தபாடில்லை. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லிவைத்தார்.

அந்த நேரம் பார்த்து, அலுவலகத்தில் பிழை திருத்துபவர் கண் அறுவைக்குப் போய்விட்டார். உதாரணத்தின் மனைவி பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள் என்பது ஆசிரியருக்கு ஞாபகம் வந்தது. அச்சுப் பக்கத்தையும் சீட்டுகளையும் சேர்த்து வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.

புதன் மாலை உதாரணம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். சீட்டுகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

“சிரிச்சவங்க ரெண்டு பேர்ல, இந்த ‘நானும்’ யாருங்க?”

பின்பக்கம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி என்று அவர் முணுமுணுத்தார்.

“இருக்கட்டும். எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல. என் தம்பியப் பத்தி எழுதினதுகூட சரியாத்தான் இருக்கு.” பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள்.

வியாழன் காலை மாடியில் துணிகள் சத்தமில்லாமல் காய்ந்தன. நிம்மதி என்றுதான் உதாரணம் முதலில் நினைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் முகச்சவரம் தொடங்குவதே அந்தப் பாட்டின் இரண்டாம் அடியில்தான் என்று. அன்றைக்கு அலுவலகத்துக்கு அரை மணி தாமதம். தையல்காரர்கூடக் கைப்பிடிச் சுவர்வரை வந்து, அம்மாவுக்கு உடம்பு முடியலையா, காலையில் அந்தப் பாட்டு இல்லாமல் மெஷினில் உட்காரவே தோன்றவில்லை என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். உதாரணத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனி அவள் பாடவே மாட்டாளோ?

மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார்.

“கிழிச்சா? நடந்தது நடக்காததா ஆயிடுமா?”

வெள்ளிக்கிழமை காலை அவரே துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். முதல் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். பிறகு அவளுடைய பாட்டை அவரே பாடினார். இரண்டாம் அடியை முதலில் போட்டு, நடுவில் மறந்த இடத்தில் ‘ஆ’ என்று இழுத்து, அடித்தொண்டையிலிருந்து பாடினார். இரண்டு காக்கைகள் கிளம்பிப் போயின. தையல்காரர் வெளியே வந்தவர், இந்த முறை வாயைப் பொத்தவும் மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கீழே சமையலறையில் மனைவி ஒரு அடி பொறுத்தாள். இரண்டு அடி பொறுத்தாள். மூன்றாவதில் கரண்டியும் கையுமாகப் படியேறி வந்தாள். சிரிப்பை அடக்கிய முகம் சிவந்திருந்தது.

“அங்க இழுக்கக் கூடாதுங்க. பாட்டையே கொலை பண்றீங்க.”

அவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, எப்படிப் பாட வேண்டும் என்று காட்டத் தொடங்கியவள் முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். சுருதி வழக்கம்போல வேறு தெருவில் இருந்தது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

உதாரணம் சட்டைப் பையிலிருந்து புதுச் சீட்டை எடுத்தார். “அவர் பாடியது, அவளைப் பாடும்படி கிளப்பிவிட்டது.” மூன்றாம் பொருள் முடிந்தது.

“அந்த ரெண்டாவது சீட்டு?” என்று தயங்கியபடி அதையும் எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கிப்போய்ச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொண்டுவந்து கொடுத்தாள். முன்பக்கத்தில் ‘அவள்’ ‘அவர்’ ஆகியிருந்தது. பின்பக்கத்தில், “மொட்டை மாடி, வெள்ளி காலை. பாடியது என் கணவர். சிரித்தது தையல்காரரும் நானும்.”

“நடந்ததத்தானே எழுதணும்?” என்று கேட்டுவிட்டு, மிச்சத் துணிகளை அவரிடமே விட்டுவிட்டுப் பாடிக்கொண்டே படியிறங்கினாள்.