பட்டன்ஹோல் வைத்த கருப்பு உறை

நம் வீட்டுத் தையல் மெஷின் மேல் கிடக்கிற கருப்பு உறையைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டுவிட்டீர்கள். மெஷினுக்கு அது பெரிது, ஓரம் தரையில் புரள்கிறது. முன்பக்கத்தில் காரணமே இல்லாமல் ஒரே ஒரு பட்டன்ஹோல் இருக்கிறது. எதிரில் பட்டனும் கிடையாது. உங்கள் அம்மா அந்த ஓட்டையை அடைத்துத் தைக்கப் போனபோதெல்லாம் நான் தடுத்திருக்கிறேன். வாயால் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவேன் என்றுதான் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரன் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுப்பதற்கு முன், ஒரே ஒரு சட்டையைத் தைத்துக் காட்ட வேண்டும். அதைத் தைப்பவன்தான் சாம்பிள் டெய்லர். எங்களுக்கு ஓர் அளவுச் சீட்டு வரும். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, மார்பு இத்தனை, கை இத்தனை, கலர் இது என்று எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். தைத்தது சரியாக இருந்தால் அந்தச் சீட்டில் ‘ஓகே’ எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ‘பாஸ்’ ஆகிவிட்டது என்போம். இது ஆறு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். பாட்டுக்கு அடியில் ‘தும், தும்’ என்று ஒரு சத்தம் போகுமே, அதுதான் என் வேலை. வாரம் முழுவதும் நான் காத்திருந்தது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

குழுவின் தலைவரை மாஸ்டர் என்போம். கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். வெளியூர்க் கச்சேரிக்கு நாங்கள் பஸ்ஸில் போவோம். நாங்கள் வாசித்துப் பழகும் இடத்தில் இருந்த பேஸ் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைக் கூட்டித் தருகிற பெட்டி, பீரோ கனம் கனக்கும், அதைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதனால் போகிற ஊரிலேயே வாடகைக்குச் சொல்லிவிடுவோம். குண்டடம் பக்கம் ஒரு கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, வாசிக்கப் போனபோது, அந்த ஊர் சவுண்ட் சர்வீஸ் அண்ணனுக்கு நான்தான் போன் செய்தேன். “பேஸ் பாக்ஸ் ஒண்ணு வேணுங்ண்ணா” என்றேன். “ஒண்ணென்னங்க தம்பி, ரெண்டாவே கொண்டாந்தர்றேன்” என்றார்.

கொண்டுவந்தார். ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். மைக்கில் வருகிற சத்தத்தை ஊருக்கே அதிர வைப்பதற்கு மேடைக்குக் கீழே அடுக்குவார்களே, அவை. சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்குப் பேஸ் பாக்ஸ் என்றால் அதுதான். எனக்கு வேண்டியதோ கிட்டார் வயரை நேராகச் செருகி வாசிக்கிற, மெஷினும் ஸ்பீக்கரும் சேர்ந்தே இருக்கிற ஒற்றைப் பெட்டி. அந்தப் பெரிய பெட்டிகளுக்குச் சத்தம் மிக்சர் வழியாகத்தான் போகும். அதில் இருந்த ஓட்டைகளை எல்லாம் மைக்குகளும் கீபோர்டும் பிடித்துவிட்டன. அன்றைக்கு நான் வாசித்ததை என் விரல்கள் மட்டும்தான் அறியும். அண்ணன் மேடைக்குக் கீழே நின்று என்னையும் தன் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வருகிற பஸ்ஸில் சாதாரணமாகச் சொன்னார். “நீ வாசிக்கலேன்னு ஒருத்தனும் கேக்கலையப்பா. எப்படியும் என் எடது கை சும்மாதான் இருக்குது. இனி கீபோர்டுலயே பேஸை அமுக்கிக்கலாம்னு பாக்கறேன். அடுத்ததையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்.” பல குழுக்களில் அப்போது அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. அடுத்த கச்சேரி இரண்டு வாரம் கழித்து, குண்டடத்துக்கே பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சவுண்ட் சர்வீஸும் அதே அண்ணன்தான்.

மறுபடியும் போனில் சொன்னால் மறுபடியும் தப்பாகும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், அளவுச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கும்போதே புத்தி வந்தது. வெறும் சீட்டு ஒன்றை எடுத்தேன். படத்துக்கான இடத்தில் பெட்டியை வரைந்தேன். ஸ்டைல்: பேஸ் ஆம்ப். பீஸ்: ஒன்று. ஸ்பீக்கர் அகலம்: பதினைந்து இஞ்ச், கூடக் குறைய அரை இஞ்ச். வயர் நுழைகிற ஓட்டையை எப்படி வரைவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஓட்டை பட்டன்ஹோல், அதையே வரைந்து ‘கிட்டார் வயர் இங்கே’ என்று அம்பு போட்டேன். கடைசியில் கலர் என்று ஒரு கட்டம். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் ஆர்டர்களைக் கவனிக்கிற எங்கள் மெர்ச்சண்டைசர் சீட்டைத் திருப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தில் ‘பிளாக்’ என்று எழுதிவிட்டேன். சீட்டைக் கவரில் போட்டு, பல்லடம் போய், குண்டடம் வழியாகத் தாராபுரம் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

மறுநாளே அண்ணன் கம்பெனிக்குப் போன் செய்தார். “தம்பீ, கவரு வந்துருச்சுங்க. இது சட்டைங்களா, பொட்டிங்களா?”

“பொட்டிதானுங்ண்ணா.”

“இந்த மாதிரி நம்மகிட்ட இல்லீங்களே. தாராபுரத்துல ஒரு சர்ச்சுல பாட்டுப் பாடற பசங்க என்னமோ வெச்சிருக்காங்களாம். போய் அளந்து பாத்துட்டுச் சொல்றனுங்க.”

‘அளந்து பாத்துட்டு’ என்று அவர் சொன்னது வெறும் பேச்சுக்கு என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து மறுபடி போன். “பதினஞ்சுன்னு போட்டிருக்கீங்க. டேப்பு வெச்சா பதினஞ்சே கால் வருதுங்க. ஓகேங்களா?” ஓகே என்றேன். “வயரு ஓட்டையும் இருக்குதுங்க. ஆனா…” என்று நிறுத்தினார். ஆனா என்னங்கண்ணா என்றால், “ஒண்ணுமில்லீங்க, அத நான் பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டார். அந்த ‘ஆனா’ என்னைப் பாடாய்ப் படுத்தியது. அந்த வாரம் தைத்த இரண்டு சாம்பிளுக்குக் கை மாற்றி வைத்துப் பிரித்தேன்.

ஞாயிறு காலை மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேடையில் நான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் கருப்பாக ஒரு பெட்டி. கிட்டப் போனால், உச்சி முதல் அடி வரை கருப்புப் பனியன் துணியில் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. தூசிக்காகப் போர்த்தியிருக்கிறார் என்று கழற்றப் போனேன்.

“ஏனுங்க தம்பி, கலரு பிளாக்குன்னு போட்டுப்போட்டு இப்பக் கழட்டறீங்க?” என்றார் அண்ணன். “சர்ச்சுப் பொட்டி காப்பிக் கலருங்க. பெயிண்டு அடிச்சுக்கறேன்னு கேட்டேன், பாதிரியார் சிரிச்சுட்டு வேண்டாம்னுட்டாரு. அதான் எங்கூட்டுல தெச்சுக் குடுத்தாங்க. மெல்லிசு துணிதான், சத்தம் அடைக்காதுங்க. ஊதிப் பாத்துத்தான் எடுத்தேன்.”

வயர் ஓட்டைக்கு நேராகப் பார்த்தேன். சீட்டில் நான் வரைந்திருந்த அதே இடத்தில், அதே மாதிரி, கையால் நெருக்கி நெருக்கித் தைத்த ஒரு பட்டன்ஹோல். எனக்குச் சிரிப்பு வந்தது. கழற்றப் போன துணியை இழுத்துச் சரி செய்தேன். குமிழ்களைத் துணிக்கு மேலாகவே தடவித் திருகி, பட்டன்ஹோல் வழியாக வயரைச் செருகினேன்.

இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். பேஸ் மட்டும் தனியாக நாலு சுற்று இறங்கி வர வேண்டும். இறங்கினேன். தரை அதிர்ந்தது. மேடை ஓரத்தில் பெண்ணுக்குச் சீராக அடுக்கியிருந்த அனுப்பர்பாளையத்துப் பித்தளைப் பாத்திரங்கள் கூடவே முனக ஆரம்பித்தன. பெரிய அண்டா ஒன்று ‘ங்ங்’ என்று ஒவ்வொரு தட்டுக்கும் பதில் சொன்னது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து போய் அதற்குள் எட்டிப் பார்த்து, “உள்ள ஆரப்பா?” என்றார். மண்டபமே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானோ மாஸ்டரைப் பார்த்தேன். அவர் இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தார். பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். பாட்டு முடிகிற வரை வெளியே எடுக்கவில்லை.

முடிந்ததும் அண்ணன் சீட்டை நீட்டினார். நாலாய் மடித்து, ஓரமெல்லாம் வியர்வையில் நைந்திருந்தது. “பாஸுங்களா?” என்றார். ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “அன்னிக்கு எங்கிட்ட இருக்கறதுலயே பெரிய பொட்டியத்தானுங்க கொண்டாந்தேன். நீங்க வாசிச்சும் கேக்காமப் போச்சுன்னு எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கலீங்க” என்றார் மெதுவாக. எனக்கு மட்டும்தான் அந்த வலி என்று அதுவரை நினைத்திருந்தேன். சீட்டை அவர் வைத்துக்கொண்டார், உறையை எனக்குக் கொடுத்தார். “அடுத்த ஊருக்கும் சீட்டை நீயே எழுதிரு” என்று மாஸ்டர் சொன்னார். அந்தக் குழுவில் என் இடத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே வரவில்லை. பின்னாளில் ஒருமுறை அண்ணன் கடைக்குப் போனேன். என் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். யார் வந்து பேஸ் கேட்டாலும், “அது மாதிரி எழுதிக் குடுங்க, எழுத்து இல்லாமப் பொட்டி கெளம்பாதுங்க” என்பாராம்.

போன மாதம் உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் செட் வேண்டும் என்று கடைக்காரருக்குப் போனில் ஒரு படத்தை அனுப்பினீர்கள். ஒரு நிமிஷத்தில் ‘ஓகே சார்’ என்று பதில் வந்தது. சரியான பெட்டியும் வந்தது. நல்லதுதான். இப்படி வந்த பெட்டிக்கு யாரும் சட்டை தைத்துப் போட மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை எழுதி முடிப்பதற்கு முன் அந்த உறையை மேசையில் விரித்து டேப் வைத்துப் பார்த்தேன். துணி துவண்டு எல்லாப் பக்கமும் நீண்டுவிட்டது, சாயமும் வெளுத்துவிட்டது. பட்டன்ஹோல் மட்டும் அன்றைக்கு இருந்த அளவிலேயே இருக்கிறது, ஒரு நூல் பிரியவில்லை. சாம்பிள் டெய்லராகச் சொல்கிறேன்: பாஸ்.