செம்பாக்கத்துக்கு நான் எழுதிய நல்ல செய்தி

இந்த ஊரில் தினமும் காலையில் நான் முதலில் போய்ப் பார்ப்பது புற்றுநோயைத்தான். ஜெர்மனிக்கு வந்த முதல் வாரத்தில், ஆய்வகத்துப் பக்கத்து மேசைக்காரி ஊட்டா, "உன் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று பதறிச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே மூலையிலிருந்த சூட்டுப் பெட்டியைக் காட்டினாள். உள்ளே குப்பிகளில் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள். உடம்புச் சூட்டிலேயே வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை இளஞ்சிவப்புத் திரவம் மாற்றி ஊட்டவேண்டும். கடைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதற்காக நான் பஸ் ஏறுவேன்.

ஒவ்வொரு செல்லின் மேலும், 'வளர்' என்ற செய்தியை வெளியிலிருந்து வாங்கி உள்ளே அனுப்பும் புரதங்கள் உண்டு. கைமாறிக் கைமாறிச் செய்தி உள்ளே போய்ச் சேரும். நல்ல செல்லில் வேலை முடிந்ததும் அது நின்றுவிடும். புற்றுநோய்ச் செல்லில் நிற்பதில்லை. நடுவழியில் அதை மறிக்கும் ரசாயனம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம் ஒன்று பலித்தது. ஒரு வாரமாகியும் குப்பியில் செல்கள் பெருகவில்லை. அன்றைக்கே செம்பாக்கத்திலிருந்த என் அண்ணன் கதிர்வேலுவுக்கு எழுதினேன்: "அண்ணா, குடலில் வரும் புற்றுநோயை வளரவிடாமல் நிறுத்திவிட்டோம்." 'குப்பியில்' என்ற ஒரு சொல்லை எழுதவில்லை. அவருக்குப் புரியாது என்று நினைத்தேனா, பெருமையில் விட்டுப்போனதா, இன்றைக்கும் தெரியவில்லை.

அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எங்கள் நெல்வயல் மனைகளாக மாறியபோது, பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டுமேல் சிமெண்டுக் கடை வைத்தார். கல்லூரிக்குப் போக என்னைத் தாம்பரம் ஸ்டேஷனில் தினமும் சைக்கிளில் கொண்டுவிட்டவர் அவர். "பொண்ணுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ படிப்பு?" என்று கேட்ட சித்தப்பாவிடம், "அது படிக்குது. உனக்கு இன்னா பேஜாரு?" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

செப்டம்பரில் அண்ணி பூங்கொடி தாம்பரத்து டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டார்.

"கலா, உங்க அண்ணனுக்கு ரத்தமா போவுதும்மா. மூலம்னு சொல்லிகினு இருந்தாரு. அது கேன்சராம். ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி அஞ்சு மாசம் ஆவுது. ஒத்துக்கவே மாட்றாரு. உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் பாதியாகியிருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா கலா. மருந்து எடுத்துகினு வந்தியா?"

"எந்த மருந்துண்ணா?"

"நீதானே எழுதியிருந்தே, நிறுத்திட்டோம்னு. ஆபரேசன் பண்ணா, மலம் போறதுக்கு வயித்துல பை மாட்டுவாங்களாம். அதோட கடையில எப்படி உக்கார்றது? என் தங்கச்சி மருந்து வருதுன்னு டாக்டராண்டயே சொல்லிட்டேன்."

அண்ணி கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"அண்ணா, அது குப்பியில வளக்குற செல்லு. எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல. மனுஷங்களுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும்."

நழுவிய சட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அந்தக் குப்பியில வளரல இல்ல?"

"வளரலண்ணா."

"அது நெசந்தானே?"

"நெசம்."

"அப்ப சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆபரேசனுக்குச் சம்மதித்தார். வயிற்றைத் திறந்த டாக்டர், ஈரல் முழுவதும் பரவிவிட்டதைப் பார்த்துவிட்டு மூடினார். ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் என்று அவர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அண்ணி ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். விடுப்பு முடிந்து கிளம்பிய அன்று அண்ணன் என் கையைப் பிடித்தார். "கடுதாசி போடு. கொஞ்சம் வெவரமா எழுது" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் வாரம் ஒன்றாக எழுதினேன். எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துப் பிரித்து எழுதினேன். அண்ணி படித்துக் காட்டினாராம்.

ஜனவரியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணன் போய்விட்டார். நான் வருவதற்காக உடலை வைத்திருக்க முடியாது, மாலைக்குள் எடுத்துவிடுவார்கள் என்று அண்ணி சொன்னார். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தலை முழுகினேன். சாவுச் செய்தி கேட்டால் வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதன்பின் வேலைக்குப் போகாமல் எங்கே போவதென்றும் தெரியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு முதியவள் என் ஈரத்தலையைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"முடி உலர்த்தும் மெஷின் கெட்டுவிட்டதா?"

தலை முழுகுவதற்கு அவள் பாஷையில் என்னிடம் சொல் இல்லை. "ஆமாம்" என்றேன்.

அவள் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். தொப்பிக்கு வெளியே தொங்கிய கூந்தலின் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். அண்ணனுக்காக முழுகிய தண்ணீர் அதற்குள் உறைந்து, விரலில் குத்தியது.