பின்சீட்டுக் கம்பி

ராமுத்தாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உட்கார்ந்தால் எனக்கு இப்போதும் உள்ளங்கை எரிகிறது. பரவாயில்லை, சொல்கிறேன். சாணார்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் அவளைப் போல உழைக்கிறவள் கிடையாது. அவளைப் போலச் சந்தேகப்படுகிறவளும் கிடையாது. பூக்கடைத் தராசைச் சந்தேகப்படுவாள். கண்டக்டர் கொடுக்கிற சில்லறையைச் சந்தேகப்படுவாள். கோயிலில் கொடுக்கிற பொங்கலைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவாள்.

அவளுக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. விடியலில் பறித்த மொட்டு, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பஸ் தாமதித்தால் விரிந்துவிடும். விரிந்த பூவை அங்கே யாரும் மதிப்பதில்லை. அதனால் ஒரு பைக் வாங்கினாள். ஓடைப் பாதைக்கு ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் தாங்காது என்று கியர் வண்டியாகவே பார்த்தாள். ஓட்டத் தெரியாது, லைசென்ஸ் கிடையாது, ஓட்டிப் பழகக் கொடுக்கிற எல்.எல்.ஆர்.கூட அப்போது இல்லை. ஆனால் வண்டி கடையை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே இன்சூரன்ஸ் வேண்டும் என்று நின்றாள். கடையில் போட்டுத் தருகிறோம் என்றதை நம்பாமல், டவுனில் பாஸிலா என்கிற ஏஜெண்டைத் தேடிப் போய்த் தானே போட்டுக்கொண்டு வந்தாள்.

இந்த விஷயத்தில் அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. அவளுடைய சித்தப்பா மகன் லைசென்ஸ் இல்லாமல் அப்பாவின் பைக்கை எடுத்துப் போய் ஒரு ஆளை இடித்துவிட்டான். இன்சூரன்ஸ் இருந்தும் கைகொடுக்கவில்லை. கோர்ட்டு கேஸு என்று அலைந்து கடைசியில் சித்தப்பாவின் தென்னந்தோப்பு போயிற்று. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும் என்பது அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்போது இந்த வண்டியும் அவள் பெயரில் இருக்கிறது, தோட்டமும் அவள் பெயரில் இருக்கிறது.

"எல்.எல்.ஆர். வச்சு ஓட்டுறப்ப லைசென்ஸ் உள்ள ஆளு ஒருத்தரு கூட உக்காந்திருக்கணும்க்கா. இல்லாட்டி, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனிக்காரக கைய விரிச்சிருவாக" என்று பாஸிலா சொல்லியனுப்பினாள். ராமுத்தாய் தன் வாழ்நாளில் மறுபேச்சில்லாமல் நம்பியது அதை ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

எல்.எல்.ஆர். வந்தது. எங்கள் தெருவில் சாயங்காலம் சும்மா இருக்கிற லைசென்ஸ்காரன் நான் ஒருவன்தான். பால் வேன் ஓட்டுகிறேன், பெயர் ஆண்டனிராஜ். அவள் புருஷன் மலைச்சாமி அண்ணன் சைக்கிளைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. கேட்டால், "நமக்கு பஸ்ஸு போதும்" என்பார். ஆக, தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் தினமும் அவள் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்றா சொன்னேன்? தொங்கினேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பூச்சாக்கு வைக்கலாம். அவள் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி குலுங்கும், கம்பி உள்ளங்கையை அறுக்கும். விட்டால் அவள் மேல் விழுவேன். விழுந்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? என் மனைவி ஏஞ்சலின் ஏற்கெனவே, "இன்னிக்கும் கிளாஸு உண்டா?" என்று ஒரு தினுசாகக் கேட்க ஆரம்பித்திருந்தாள். மலைச்சாமி அண்ணன் ஒன்றுமே கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது வாசலில் நின்று பீடி பற்றவைப்பார். திரும்பி வரும்போதும் அங்கேயே நிற்பார். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவேயில்லை.

ஒருநாள் மதியம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பிய ராமுத்தாய் நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"என் வண்டி எங்கண்ணே?"

"என்னைக் கேட்டா?"

"ரெண்டாவது சாவி காலண்டருக்குப் பின்னால தொங்குறது உங்களுக்குத்தான தெரியும்? நீங்க எடுக்கலைன்னா யாருக்குக் குடுத்தீக?"

கூட்டிப் போய்க் காட்டினாள். தான் இல்லாத நேரத்தில் யாரோ வண்டியைத் தொடுகிறார்கள் என்று சில நாளாகவே அவளுக்குச் சந்தேகம். அதனால் வாசல் கோலத்தை முன்சக்கரத்தைச் சுற்றிப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். இப்போது வண்டியைக் காணோம். கோலத்தின் குறுக்கே டயர் தடம் மட்டும் கிடந்தது.

"நேத்து வண்டி நின்ன எடத்துலதான் நின்னுச்சு. ஆனா கோலம் என் கை இல்ல. அழிஞ்சத யாரோ கோணல்மாணலா இழுத்து விட்டிருந்தாக."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கை எரிய எரிய உட்கார்ந்ததற்குத் திருட்டுப் பட்டமா? "களவாண்டு போறவன் கோலத்தச் சரிபண்ணி வச்சிட்டா போவான்? யோசிச்சுப் பேசு தாயி" என்றேன்.

அவள் குனிந்து டயர் தடம் போகிற திசையைப் பார்த்தாள். அப்போதுதான் கண்மாய்ப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. அவள் ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன்.

கண்மாய்க்குள் மலைச்சாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பிரேக்கை மறந்துவிட்டார். வண்டி கரையில் முட்டிச் சாய்ந்தது. எழுந்து உட்கார்ந்தவருக்கு முழங்கால் தோல் உரிந்திருந்தது.

"யாரையாச்சும் இடிச்சீகளா?" அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

"இங்க யாரு இருக்கா, இடிக்க?"

"ரோட்டு வழியாத்தான வந்தீக? உங்களுக்கு எல்.எல்.ஆர்.கூட இல்ல. ஒரு புள்ள குறுக்க வந்திருந்தா நம்ம தோட்டம் போயிருக்கும். பின்னால ஒரு ஆளு இல்லாம எப்பிடி எடுத்தீக?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "உன் பின்னால ஒரு ஆளு உக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியல. அந்த ஆளா நானே இருந்துக்கிறலாம்னு பாத்தேன். அதுக்கு மொதல்ல நான் பழகி லைசென்ஸு வாங்கணும்ல."

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆண்டனி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. நீ எதப் புடிச்சு உக்காருவ?"

கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. வாயால் சொன்னால் நம்புகிற குடும்பமா அது? இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினேன். கம்பி அழுத்திக் காய்த்துப்போன கோடு இரண்டிலும் குறுக்கே கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார். அவளும் குனிந்து பார்த்தாள்.

"இம்புட்டு நாளா இத வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?" என்றாள் புருஷனிடம்.

"கேட்டா, சந்தேகப்படுறேன்னு சொல்லுவ."

"நானா சொல்லுவேன்?" என்றாள் ராமுத்தாய்.

எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சட்டப்படி அவள் ஓட்டலாம், நான் பின்னால் ஏற வேண்டும். அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மலைச்சாமி அண்ணன் எங்கள் யாரையும் பார்க்காமல் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க ஓட்டிப் போயி வாசல்ல நிறுத்துங்கண்ணே. நாங்க நடந்து வாரோம்."

செத்த நேரத்துக்கு முன்னால்தான் என்னைத் திருடன் என்றவள். சாவியை வாங்கிக்கொண்டேன்.

கரை ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவர் நொண்டிக்கொண்டு வந்தார். அவள் அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். இரண்டு பேர் கண்ணும் வண்டி மேலேயே இருந்தது.