பலாமரத்தில் தொங்கிய என்ஜின்

நேற்று மதியம் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். கோயம்புத்தூரில் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய அம்பாசிடரைப் பிரித்துப் போட்டிருக்கிறான். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சங்கிலியில் தொங்குகின்றன. கீழே ஒருவன் மல்லாந்து படுத்துக்கொண்டு எதையோ முடுக்குகிறான். முகம் தெரியவில்லை. நீலக் கோடு போட்ட சாக்ஸ் தெரிந்தது. நான் வாங்கிக் கொடுத்தது.

போன் செய்தேன். நாற்பது நிமிடம் அவன் எடுக்கவில்லை. அதற்குள் வாசலுக்கும் அடுப்படிக்கும் எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. வீடியோவில் வாசனை வராதுதான். ஆனாலும் எனக்குக் கியர் ஆயில் வாடை அடித்தது. கந்தகமும் கருகிய எண்ணெயும் கலந்த அந்த வாடை ஒரு முறை பாவாடையில் பட்டால் நாலு துவைப்புக்குப் போகாது. எனக்கு அது நெய்வேலி வாடை. நிலக்கரித் தூள் வாடைகூட இரண்டாவதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதிமூன்று வயது, தம்பி பாபுவுக்கு ஐந்து. அப்பாவுக்கு மைன்ஸில் மெக்கானிக் வேலை. மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுப்போன பழைய அம்பாசிடர் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது. ஓடியது என்று சொன்னால் பொய். கிளம்பும்போது விடும் புகையில் எதிர் வரிசை வீடுகள் மறைந்துபோகும். துணி காயப்போட்டவர்கள் அப்பாவைப் பார்த்த பார்வையை அவர் கண்டுகொண்டதே இல்லை. கடைசியில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றிக் கடலூருக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்வது என்று முடிவானது.

வாசலில் ஒரு பலாமரம் இருந்தது. அதன் கீழ்க்கிளை என் இடுப்பைவிடப் பருமன். அதில் செயின் பிளாக்கை மாட்டி என்ஜினைத் தூக்குவது திட்டம். செயின் பிளாக் என்றால் பல்சக்கரங்களுக்குள் ஓடும் சங்கிலி. கையால் இழுக்க இழுக்கக் கொக்கி ஒவ்வொரு விரற்கடையாக மேலே ஏறும். பக்கத்து ஊரான வடக்குத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்தவரிடம் இரவல் வாங்கி வந்தார்கள். அன்று அப்பாவுக்கும் அவர் நண்பர் கந்தசாமி மாமாவுக்கும் இரண்டாவது ஷிப்ட். மதியம் ஒன்றேகாலுக்குத்தான் பஸ். காலையிலேயே முடித்துவிடலாம் என்று கணக்கு. அம்மா ஒரு வளைகாப்புக்காக விருத்தாசலம் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது.

பானெட் கழன்றது. ரேடியேட்டர் கழன்றது. ஒயர்களுக்கெல்லாம் அப்பா என் பழைய ரிப்பன்களை வெட்டி அடையாளம் கட்டினார். பிறகு வண்டிக்கு அடியில் புகுந்து கியர்பாக்ஸின் போல்ட்டுகளை எடுத்தார். என்ஜினைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டி இழுக்க ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு.

“என்னங்க இது, மொசக்குட்டி கணக்கா இருக்குது,” என்றார் கந்தசாமி மாமா. அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். “நம்ம மைன்ஸ் மெஷினு ஒரு வாளி மண்ணு அள்ளுனா இந்த மாதிரி எத்தனை வருமுங்க?”

“பேசாம இழுய்யா,” என்றார் அப்பா.

தவறு அங்கேதான் நடந்தது. டன் கணக்கில் தூக்கிப் பழகியவர்கள். இந்தச் சின்ன எடைக்கு அளந்து பார்க்கவில்லை. கட்டிய சங்கிலி நீளமாகிவிட்டது. கொக்கி உச்சிக்குப் போய்விட்டது, அதற்கு மேல் ஏற வழியில்லை. என்ஜின் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு சாய்வாகத் தொங்குகிறது. கியர்பாக்ஸின் வால் மட்டும் இன்னும் வண்டியின் என்ஜின் குழிக்குள். வண்டியைப் பின்னால் தள்ளினால் முன் தகரத்தில் நாலு விரல் இடிக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி இறக்கிக் கட்ட வேண்டும். அப்போது தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

ஷிப்ட் பஸ் யாருக்காகவும் நிற்காது. அப்பா கையைத் துடைத்தார். என் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, மைன்ஸில் அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைப்பது போலவே எழுதினார்: ‘செயின் பிளாக் உச்சியில். கியர்பாக்ஸ் வால் நாலு விரல் இடிக்கிறது. வேலை பாக்கி. காவல்: மகள்.’ கீழே கையெழுத்து. முதல் ஷிப்ட் முடிந்து இரண்டே முக்காலுக்கு இறங்கும் பக்கத்து வீட்டுத் தங்கவேலு மாமாவிடம் அதைக் கொடுக்க வேண்டும்.

“அதுவரைக்கும் ஒரு ஈ காக்கா கிட்ட வரக்கூடாது. பாபுவ உள்ள தூங்க வையி. புரியுதா தாயி?”

சொல்லிவிட்டு, தன் பழைய மைன்ஸ் ஹெல்மெட்டை என் தலையில் வைத்துவிட்டு ஓடினார். மைன்ஸில் ஒரு சுமை தொங்கினால் கயிறு கட்டுவார்கள், விசில் ஊதுவார்கள், கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. அதையெல்லாம் எனக்குக் கதை கதையாகச் சொன்னவர் அவர்தான்.

பாபு காலையிலிருந்தே அந்த ஹெல்மெட்டுக்காக அழுதுகொண்டிருந்தான். தூங்க வைத்தேன். முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சாக்குப்பை கட்டிய இரண்டு பலாப்பழங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவது பழம் மாதிரி என்ஜின் தொங்கியது. அவ்வப்போது தானாகக் கொஞ்சம் திரும்பும். கிளை முனகும். வெயிலில் தெருவில் ஓர் ஆள் இல்லை. முதல் ஒரு மணி நேரம் நான் மிகப் பொறுப்பாக இருந்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பிறகு உள்ளே போனேன். தண்ணீர் குடிக்க என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த ஹெல்மெட்டில் நான் எப்படி இருக்கிறேன் என்று கண்ணாடியில் பார்க்கப் போனேன். பக்கவாட்டில் பார்த்தேன். ஜடையை முன்னால் விட்டுப் பார்த்தேன். மூன்று நிமிடம் இருக்கும். திரும்பும்போது பாய் காலியாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது.

பாபு என்ஜின் குழிக்குள் உட்கார்ந்திருந்தான். கியர்பாக்ஸின் வாலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் ஒரு முழத்தில் அந்த இரும்பு முழுவதும். ஆயில் சொட்டி அவன் சட்டைத் தோள் கறுத்திருந்தது.

“அக்கா, நான்தான் டிரைவரு.”

கத்தினால் அவன் எழுந்து நிற்பான். கிட்டே போனால் விளையாட்டென்று உள்ளே ஒடுங்குவான்.

“பாபு, தங்கவேலு மாமா பஸ் வந்துடுச்சு. கேன்டீன் பன்னு கொண்டாந்திருக்காரு.”

“பொய் சொல்ற. ஹாரனே கேக்கல.”

கிளை இன்னொரு முறை முனகியது. ஹெல்மெட்டைக் கழற்றி அவனுக்குத் தெரியும்படி நீட்டினேன். “எனக்குத் தலை வலிக்குது. நீ காவலுக்கு இருக்கியா? இருக்கறவனுக்குத்தான் இது.”

கொஞ்ச நேரம் யோசித்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை நேற்று நாற்பது நிமிடமும் மறுபடி பார்த்தேன். பிறகு வாலை விட்டான். தகரத்தில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கி வந்தான்.

முதல் ஷிப்ட் பஸ் வந்தபோது ஹெல்மெட் மூக்குவரை இறங்க, முக்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் பின்னால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா சார், நீங்கதான் இங்க டூட்டியா?” என்று அவனிடம் கேட்டார் தங்கவேலு மாமா. சீட்டைப் படித்தார். என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “நாலு விரலுக்கா ரெண்டு பேரும் மல்லுக்கட்டிகினு இருந்தாங்க? முன் டயரு ரெண்டுலயும் காத்தப் புடுங்கு. வண்டி தானா தாழும்.”

காற்று இறங்கியது. பஸ்ஸிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி வந்து, உடுப்பில் இருந்த தூளோடே, வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். என்ஜின் தரையில் விரித்த சாக்கின் மேல் இறங்கி உட்கார்ந்தது. பத்து நிமிட வேலை. அப்புறம் மாமா குழிக்குள் கைவிட்டு எதையோ எடுத்தார். சின்னச் செருப்பு.

“இது யாருதும்மா?”

“பாபுவோடது.”

“எப்ப வுழுந்துது?”

அவர் என் முகத்தையும், பாபுவின் சட்டைத் தோளையும் பார்த்தார். “சரி வுடு. அவனுக்கு மேலு கழுவி வுடு, போ,” என்றார்.

விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவரால் எழுதாமல் இருக்க முடியாது. எழுதாததில்தான் அடுத்த ஷிப்ட் ஆள் மாட்டுவான் என்பது அவர்கள் நம்பிக்கை. மறுநாள் காலை அந்தத் தாள் சமையலறை அலமாரியில் இருந்தது. அப்பா எழுதியதற்குக் கீழே மாமாவின் கையெழுத்தில்: ‘டயர் காற்று இறக்கி வண்டி தள்ளப்பட்டது. என்ஜின் இறக்கப்பட்டது. குழிக்குள் சின்னச் செருப்பு ஒன்று, வலது கால். வேலை முடிந்தது.’ அதற்கும் கீழே அப்பா ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: ‘பார்த்தேன்.’

என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அடிக்கவும் இல்லை. ஒரு மாதம் கழித்துக் கடலூரிலிருந்து என்ஜின் திரும்பி வந்த அன்று அவர் லீவு போட்டார். என் நினைவில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனிதர். மாட்டி முடிக்கும்வரை ஒருவரையும் மரத்தடிக்கு விடவில்லை. சோறுகூட அங்கேயே நின்று சாப்பிட்டார்.

பாபுவுக்கு இதெல்லாம் ஞாபகமே இல்லை. அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டதாகச் சொன்னார்கள். மரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பாவும் தங்கவேலு மாமாவும் இல்லை.

ஒருவழியாக மகன் போனை எடுத்தான். “எல்லாம் சேஃப்தாம்மா, சாப்பிடப் போயிருந்தோம்.”

“அப்ப அது தொங்கிக்கிட்டா இருந்துச்சு?”

“ஆமா.”

“யார் பாத்துக்கிட்டு இருந்தா?”

“யாரும் இல்லம்மா. கதவப் பூட்டிட்டுத்தான் போனோம்.”

பூட்டியிருந்தால் சரிதான். ஆனாலும் இன்றைக்கும் மதியம் வாசலில் வந்து நின்றேன். உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூன்றுக்குப் பத்து நிமிடம், முதல் ஷிப்ட் பஸ் வந்து போகும் நேரம். எங்கள் தெருவில் பஸ் எதுவும் நிற்பதில்லை.