தையல்நாயகி அக்கா கார் மீட்டருக்குப் பலகை தேடிய கதை

எனக்குத் தெரிந்து விழுப்புரம் பக்கத்தில் அம்பாசடர் ஓட்டும் பெண்களை எண்ண ஒரு விரல் போதும். அந்த ஒருத்தர் கோலியனூர் தையல்நாயகி அக்கா. நாற்பத்தாறு வயது. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். வீட்டுக்காரர் தேவநாதனுக்கு வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையும் மோட்டார் கொட்டகையும்தான் உலகம். பழைய டீசல் அம்பாசடரைப் பார்த்துப் பேசி வாங்கியது, ஓட்டக் கற்றது, லைசென்ஸ் எடுத்தது எல்லாம் அக்காவே. பஸ்ஸில் நின்று நின்று முட்டி தேய்ந்துவிட்டது என்று காரணம் சொல்வார். நம்பாதீர்கள். அவருக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்த வண்டியில் தினமும் திண்டிவனத்துக்கு மூன்று பேர் ஏறுவோம். பின் சீட்டில் நர்ஸ் லூர்துமேரி அம்மா, ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கிறது. அவர் பக்கத்தில் பேங்க் கலைப்பிரியா, காதில் எப்போதும் ஒயர். முன் சீட்டில் நான். பெயர் மலர்விழி, அலுவலகத்தில் கோப்பு தூக்குகிற வேலை, வண்டியில் வாய் ஓயாமல் பேசுகிற வேலை.

போன ஏப்ரலில் விக்கிரவாண்டி தாண்டியதும் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. மீட்டர் முள் மட்டும் எல்லாம் சௌக்கியம் என்பது போல நடுவில் நின்றிருந்தது. அது செத்துப் பல மாதம் ஆகியிருக்கும் போல. கொளுத்துகிற வெயிலில் ஒரு மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். லூர்துமேரி அம்மா போய் டூட்டி மாற்றிவிட வேண்டிய நர்ஸ் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்து போனில் கத்தினார். அன்று சாயங்காலம் நாங்கள் மூவரும் கூடிப் பேசி, இன்னொரு தடவை வண்டி நடுவழியில் நின்றால் பாசஞ்சர் ரயிலுக்கு மாறிவிடுவது என்று முடிவு செய்தோம். அக்காவிடம் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

அக்கா கோபப்படவில்லை.

“நீங்க மூணு பேரும் ட்ரெயின்ல போனா நான் மட்டும் தனியா எதுக்கு இத ஓட்டிக்கினு வரணும். நானும் ட்ரெயின்லயே வர்றேன். வண்டிய வித்துடுவேன்” என்றார்.

ஆனாலும் முடிவு முடிவுதான்.

மெக்கானிக் இருதயராஜ் பழைய மீட்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். புதிதாக மூன்று வட்ட மீட்டர்கள் மாட்டச் சொன்னார்: சூட்டுக்கு ஒன்று, ஆயில் பிரஷருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. அம்பாசடரின் பழைய மாடலில் மீட்டர்கள் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும். பழசைக் கழற்றிய இடத்தில் இப்போது ஒரு பெரிய சதுர ஓட்டை. மூன்றையும் கம்பி கட்டித் தொங்கவிடலாம் என்றார் இருதயராஜ். ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு கிருமியைத் தேடி அரை மணி நேரம் உட்காருகிற பெண்ணிடம் போய் இதைச் சொல்லலாமா? பலகையைத் தானே செய்துகொள்வதாக அக்கா சொல்லிவிட்டார்.

முதல் பலகை, அவர் வீட்டு பாத்ரூம் கதவு போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் ஷீட். கத்திரிக்கோலுக்கே வெட்டுப்பட்டது. வெள்ளை வெளேரென்று ஜோராக இருந்தது. அப்போது கத்திரி வெயில். லேப் வாசலில் நிழல் கிடையாது. நான்காம் நாள் சாயங்காலம் கதவைத் திறந்தால் பலகை வயிறு தள்ளி நிற்கிறது, மூன்று மீட்டரும் தரையைப் பார்க்கின்றன. வண்டிக்குத் தூக்கம் வந்துவிட்டது என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

இரண்டாவது பிளைவுட். அலமாரி செய்த மீதி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, கல்யாண வீட்டுக் கட்டில் போல மினுக்கிக்கொண்டு வந்தார். ஜூலை முழுவதும் ஒரு குறையும் இல்லை. ஆகஸ்ட்டில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. அம்பாசடரின் முன் கண்ணாடி ரப்பர் எந்தக் காலத்தில் மழையைத் தடுத்தது? தண்ணீர் உள்ளே வழிந்து, பிளைவுட் ஊறி, பேக்கரி பஃப்ஸ் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்தது. தப்பு மரத்தின் மீது இல்லை, வார்னிஷை முன்பக்கம் மட்டும் அடித்தது தன் சோம்பேறித்தனம் என்று அக்கா ஒப்புக்கொண்டார். ஆனாலும் மரத்தை மறுபடி நம்பவில்லை.

மூன்றாவதுதான் பேஜாரு. தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாதது வேண்டும் என்று யோசித்தவர், பரண்மேல் கிடந்த எவர்சில்வர் தாம்பாளத்தைக் கீழே இறக்கிவிட்டார். அது அவர்கள் கல்யாணத்தில் நாத்தனார் கொடுத்தது. பட்டறையில் கொடுத்து சதுரமாக வெட்டி, எல்லோருக்கும் தெரியட்டும் என்று கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினார். இப்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் நாங்கள் திண்டிவனத்துக்கு வடக்கே போகும்போது சூரியன் வலப்பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்பும்போதும் வலப்பக்கம். டிரைவர் ஜன்னல் வழியாக வருகிற வெயில் முழுவதையும் வாங்கி அந்தத் தாம்பாளம் என் முகத்தில் கொட்டியது. அக்காவுக்கோ பளபளப்பில் மூன்று முள்ளும் தெரியவில்லை. ஒரு வாரம் நான் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பயணம் செய்தேன். சுங்கச்சாவடியில் ஒரு பெண், உடம்புக்கு முடியவில்லையா என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அதற்கப்புறம் அக்கா அவசரப்படவில்லை. வளையக் கூடாது, ஊறக் கூடாது, பளபளக்கவும் கூடாது என்று சொல்லிக்கொண்டே கடைகளில் ஏறி இறங்கினார். கடைசியில் திண்டிவனத்தில் ஓர் எலெக்ட்ரிகல் கடையில் ஹைலம் ஷீட் கேட்டு வாங்கினார். வீட்டு சுவிட்ச் போர்டு மேல் போடுவார்களே, அதுதான். ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும், மறுபக்கம் சொரசொரப்பு. கடைக்காரர் வழவழப்பைக் காட்டிப் பெருமை பேசினார். அக்கா அதை உள்பக்கம் திருப்பிப் போட்டு, சொரசொரப்பை எங்கள் பக்கம் வைத்தார். ஆக்சா பிளேடால் அறுத்து, டிரில்லில் வட்டப் பிளேடு மாட்டி மூன்று ஓட்டை போட்டு, ஓரத்தை விரல் கிழியாதபடி அரத்தால் ராவினார். செப்டம்பர் மழையையும் வெயிலையும் அது அசையாமல் தாங்கியது. மூன்று முள்ளும் கோலம் போட்ட மாதிரி தெளிவாகத் தெரிந்தன. அக்கா அடிக்கடி அதைத் தடவிப் பார்ப்பதை நான் பார்த்தும் பாராதது போல இருப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். முந்தின நாள் சாயங்காலம் வண்டிக்கு வாழைக்கன்று, மாலை எல்லாம் கட்டினோம். பொட்டு வைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இத்தனை பாடுபட்டு வந்த மீட்டர்களுக்கு இல்லாத பொட்டா என்று மூன்று கண்ணாடியிலும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். லூர்துமேரி அம்மா பொரியைக் கொறித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார். லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய காலையில், பொட்டைத் துடைத்துவிடட்டுமா என்று அக்கா கேட்டார். பூஜைப் பொட்டை யாராவது துடைப்பார்களா, தானாக உதிரட்டும் என்று அதட்டியவள் நான்தான்.

கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது அக்கா மூக்கை உறிஞ்சினார். ஏதோ வாடை வருகிறது என்று சொல்லி உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். பானட்டைத் தூக்கியதும் ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் கழன்று தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. கலைப்பிரியா காதிலிருந்து ஒயரை எடுத்தாள். ஏப்ரலில் எடுத்த ரயில் முடிவு எல்லோருக்கும் நினைவிருந்தது.

அக்கா பானட்டைப் பிடித்தபடியே நின்றார். “சரி, நாளைக்கு ட்ரெயின்லயே போய்க்கலாம். வீட்ல சொல்லி வண்டிய வாங்க ஆள் பாக்கச் சொல்றேன்” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

நான் ஏன் திரும்பி வண்டிக்குள் பார்த்தேன் என்று தெரியவில்லை. சூட்டு மீட்டரில் முள்ளே இல்லை. எட்டி, முந்தானையால் சந்தனத்தைச் சுரண்டினேன். காய்ந்த சந்தனத்துக்குப் பின்னால், சிவப்புக் கோட்டையும் தாண்டி, முள் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்ததோ. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தப்பை ஒத்துக்கொண்டு எனக்குப் பழக்கம் இல்லை.

“அக்கா, மீட்டரு சரியாத்தான் காட்டிக்கினு இருந்துச்சு. நான்தான் பொட்டு வெச்சு மறைச்சுட்டேன்.”

அக்கா வந்து ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“அப்ப இது சரியாத்தான் சொல்லிக்கினு இருந்திருக்கு” என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

பின்னால் லூர்துமேரி அம்மா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். எஞ்சின் ஆறி, கிளிப்பை மாட்டியதும் ஊற்றிக்கொள்ளச் சொல்லி அக்காவிடம் நீட்டினார்.

“தையலு, நாளைக்கு எனக்கு ஏழு மணிக்கே டூட்டி. ஆறு மணிக்கெல்லாம் வண்டிய எடுத்துக்கினு வந்துடு” என்றார்.