சம்பந்தியம்மாவின் கத்தரி

என் மகளின் மாமியார் கழுத்தில் தாலிக்கொடிக்கு அடுத்தபடியாக எப்போதும் தொங்குவது நூல் வெட்டும் சின்னக் கத்தரி. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற எல்லோரிடமும் அது உண்டு. சம்பந்தியம்மாவின் கத்தரிக் கயிறு மட்டும் தனி. ஒவ்வொரு கம்பெனியை விட்டுக் கிளம்பும்போதும் அங்கே கிடக்கும் எலாஸ்டிக்கில் ஒரு துண்டை எடுத்து, பழைய துண்டோடு முடிச்சுப் போட்டுக்கொள்வார். சிவப்பு, நீலம், பச்சை என்று அது நீண்டுகொண்டே போனது. காங்கேயம் காளைக்குக்கூட அம்மாவைப் பெற்ற எங்கள் அப்புச்சி அவ்வளவு வண்ணத்தில் கயிறு கட்டியதில்லை. அந்தக் காளையைப் பற்றி ஆரம்பித்தால் பொழுது போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத நான் சொல்லச் சொல்ல எழுதும் பேத்திக்கும் கை வலிக்கும்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டுத் திங்கட்கிழமை வேறு கம்பெனி வேனில் ஏறுவது அதிசயமில்லை. வெட்டும் ஒவ்வொரு பீஸுக்கும் கூலி கொஞ்சம் கூடக் கிடைத்தால் போதும். பழைய கம்பெனியில் சொல்லாமல் வந்தது தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் சம்பந்தியம்மா போகிற இடத்திலெல்லாம், "இப்பத்தானுங்க மொதமொதல்ல வேலைக்கு வர்றேன்" என்று சொல்லிவிடுவார். ஓரிடத்தில் முழுப்பெயர், ஓரிடத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர். வைத்தியச் செலவுக்கென்று சம்பளத்தில் பிடித்துக் கட்டும் இ.எஸ்.ஐ.க்கு அவர்களும் ஒவ்வொரு முறையும் புதிதாக நம்பர் போட்டார்கள். தலை நரைத்தவர் சொன்னதை எப்படித்தான் நம்பினார்களோ!

போன வருஷம் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகைக்கு மருமகன் வண்டியை விற்றாலும் பத்தாது. இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று போனோம். கம்ப்யூட்டரைப் பார்த்த பெண், "இந்த நம்பர்ல இப்பத்தானுங்கம்மா பணம் கட்ட ஆரம்பிச்சிருக்காங்க. பெரிய ஆபரேஷனுக்குப் பத்தாதுங்க. பழைய நம்பரெல்லாம் கொண்டாங்க, ஒண்ணாச் சேத்தறலாம்" என்றாள். வருஷக்கணக்காகப் பிடித்த பணமெல்லாம் யார் யாரோ பெண்களின் பெயரில் கிடந்தது. அத்தனை பெண்களும் இவரேதான்!

"எந்தெந்தக் கம்பெனிங்க சம்மந்தி?"

"அதெல்லாம் ஆருங்க ஞாபகம் வெச்சிருக்கறாங்க?"

வந்த எரிச்சலில் அவர் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "செவப்பு எங்கீங்க? நீலம் எங்கீங்க?" எலாஸ்டிக்கைத் தடவித் தடவி ஒவ்வொன்றாகச் சொன்னார். பழைய நம்பர் கேட்டு ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினோம். நீலக் கம்பெனியில், அந்தப் பெயரில் ஆளே இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெயிலில் நின்றபோது அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் இவர் கழுத்தைப் பார்த்துச் சிரித்தார். "பேரென்னமோ போங்க, இந்தக் கவுத்த மறக்க முடியுமா? சொல்லாமப் போன மகராசி, உள்ள வாங்க."

நம்பர்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிவதற்குள் எனக்குத்தான் பாதி உயிர் போய்விட்டது.

இந்தத் திங்கட்கிழமை பல்லடம் ரோட்டில் ஒரு வேன் ஜன்னலில் சம்பந்தியம்மா. கழுத்தில் புதிதாக மஞ்சள் எலாஸ்டிக்.

"ஏனுங்க, மறுபடியுமா!"

"பீஸுக்குக் கூடக் குடுக்கறாங்கங்க சம்மந்தி!"

"பழைய நம்பரச் சொன்னீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே கத்தரியைத் தூக்கிக் காட்டினார். அதோடு சேர்த்துக் கட்டிய இ.எஸ்.ஐ. அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் ஆடியது. வேன் கிளம்பிவிட்டது.

"எனக்கு எதுக்குங்க காட்டறீங்க, ஆபீஸ்ல காட்டுங்க!" என்று அதன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன்.